முள் இறங்கியது, பெல்ட்டைப் பழித்தோம்

அல்சூர் பட்டறைக்காரன்

வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் அழுத்தத்தில் இன்ஜினுக்குள் காற்று திணிக்கப்படுகிறது என்று காட்டுவது பூஸ்ட் மீட்டர். அதைப் பார்த்து ஏமாந்த கதை உங்களிடமும் இருக்கும், எழுதுங்கள். முதல் கதை என்னுடையது. அசிங்கப்பட்டதும் நான்தான்.

ஷார்ஜாவில் 11 வருடம் வேலை பார்த்தேன். அங்கே கைக்கு நன்றாகப் பழகிய வண்டி ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப், 1999 முதல் 2004 வரை வந்த மாடல். 5.4 லிட்டர் வி8 இன்ஜின், அதன் மேல் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பம்ப். டர்போவுக்கும் அதே வேலைதான். ஆனால் டர்போவைச் சுழற்றுவது சைலன்சருக்குப் போகும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது இன்ஜின் கிராங்கிலிருந்து வரும் பெல்ட். அதனால் ஆக்சிலேட்டரை மிதித்த கணமே முள் எழும்பிவிடும்.

ஊர் திரும்பிப் பெங்களூர் அல்சூரில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். மறு வருடமே ஷார்ஜா வாடிக்கையாளர் ஒருவர் தன் லைட்னிங்கைத் தற்காலிக அனுமதியில் பெங்களூருக்குக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினார். "தம்பி, அங்கே பூஸ்ட் 8 காட்டுச்சு. இங்கே வந்ததிலிருந்து 7-ஐத் தாண்டினாலே பெரிசு. இழுவையும் இல்லை."

பூஸ்ட் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது என்பது எங்களுக்கு வாய்ப்பாடு. யோசிக்கவே இல்லை. அந்த நீளத்துக்குப் பெல்ட் தேடி, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் இரண்டு நாள் அலைந்தேன். பழைய பெல்ட்டைத் தோளில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி, பள்ளங்களை எண்ணிப் பார்த்து வாங்கினேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றினேன். ஓட்டிப் பார்த்தால் அதே 7 சொச்சம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் உறுத்தியது.

அன்று சாயங்காலம் வண்டியை ஐடிலில் விட்டுச் சும்மா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தனியாக மாட்டியிருந்த மீட்டரில் நடுவில் 0, வலப்பக்கம் பூஸ்ட் பிஎஸ்ஐயில், இடப்பக்கம் வேக்கம், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு, பாதரச அங்குலத்தில். ஷார்ஜாவில் ஐடிலில் 18, 19 அங்குலத்தில் நின்ற முள் இங்கே 16-இல் நின்றது. ஐடிலில், தள்ளிய காற்றைத் திருப்பி விடும் பைபாஸ் வால்வு திறந்தே இருக்கும், சூப்பர்சார்ஜர் சும்மா சுற்றும். பெல்ட் வழுக்கினால் ஐடில் வேக்கம் ஏன் குறைய வேண்டும்? எங்கேயாவது காற்று கசிந்தால் இரண்டு பக்கமும் குறையலாம். கேஸ்கெட், ஹோஸ் என்று ஒவ்வொரு இணைப்பிலும் கார்பரேட்டர் கிளீனர் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. கசிவு இல்லை.

அப்போதுதான் போனில் உள்ள பாரோமீட்டரைத் திறந்தேன். 912 மில்லிபார். (வானிலைச் செய்தியில் 1010 என்று சொல்வார்களே, அது கடல் மட்டத்துக்குத் திருத்திய கணக்கு. அதை நம்பிப் பயனில்லை.)

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே 13.2தான். சூப்பர்சார்ஜர் வெளிக்காற்றின் மேல் 8-ஐக் கூட்டுகிறது என்று நான் நினைத்திருந்தேன். அது செய்வது பெருக்கல். ஷார்ஜாவில் 14.7-ஐ 22.7 ஆக்கியது, அதாவது 1.54 மடங்கு. இங்கே 13.2-ஐ அதே மடங்கால் பெருக்கினால் 20.4. வெளிக்காற்றைக் கழித்தால் மீட்டரில் 7.2. வண்டியில் ஒரு குறையும் இல்லை. இழுவை குறைந்ததும் உண்மை, காற்றே பத்தில் ஒரு பங்கு குறைவு.

விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்போ அந்தப் பெல்ட் காசு?" என்றார். கூலி வாங்கவில்லை.

நாமக்கல் லாரி

அண்ணே, என்னுடையது 12 சக்கர வண்டி, டர்போ. யஷ்வந்த்பூரிலிருந்து மும்பை லைன் ஓட்டுகிறேன். ஆசைக்குத் தனியாக ஒரு பூஸ்ட் மீட்டர் வாங்கி மாட்டினேன். லோடு ஏற்றிக்கொண்டு சத்தாராவுக்கு அந்தப்பக்கம் மலை ஏறும்போது இழுவை செத்துப்போனது, பின்னால் ஒரே கரும்புகை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. "டேய், மீட்டர் எவ்வளவுடா காட்டுது?" என்றேன். "எட்டுண்ணே" என்கிறான் கிளீனர் பையன். என் மீட்டர் கிலோவில் காட்டும், ஒரு கிலோ என்றால் சுமார் 14 பிஎஸ்ஐ. எட்டு கிலோ பூஸ்ட் ஏறினால் இன்ஜின் ஹெட் மிஞ்சுமா? கை நடுங்கிவிட்டது.

ஓரம் கட்டிப் பார்த்தால், அவன் படித்தது பிரேக் ஏர் மீட்டர். அதில் எட்டு என்றால் டேங்க் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். பூஸ்ட் மீட்டரில் வழக்கமாக 1.2 கிலோ ஏறும் முள் 0.6-க்கு மேல் போகவே இல்லை.

நிறுத்தி ரேஸ் கொடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. டர்போவுக்கு லோடு வேண்டும், சும்மா உறுமினால் முள் லேசாக ஆடிவிட்டு விழுந்துவிடும். கடைசியில் காட்டிக்கொடுத்தது எண்ணெய்க் கறை. டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் வெடித்து, சுற்றிலும் கருப்பாகப் பூத்திருந்தது. பழைய டியூபைக் கிழித்துச் சுற்றி, மேலே கிளிப் போட்டு மெதுவாக மும்பை சேர்ந்தோம். பையனை இன்னும் "எட்டு" என்றுதான் கூப்பிடுகிறோம்.

ஒயிட்ஃபீல்டு வாசி

நான் மெக்கானிக் இல்லை, கம்ப்யூட்டர் வேலை. என் டீசல் பிக்கப்பில், வண்டியின் சென்சார் கணக்கைப் படிக்கும் ஓபிடி கருவி செருகி, போன் ஆப்பில் பூஸ்ட் பார்த்தேன். இன்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஆன். மைனஸ் 1.5 பிஎஸ்ஐ காட்டியது! ஓடாத இன்ஜின் எப்படிக் காற்றை உறிஞ்சும்?

சென்சார் தருவது மொத்த அழுத்தம், பெங்களூரில் 91 கிலோபாஸ்கல். ஆப் எங்கே இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 101-ஐக் கழிக்கிறது. பொங்கலுக்குச் சென்னை போனபோது சாவியைப் போட்டுப் பார்த்தேன், சரியாக 0. கிருஷ்ணகிரி இறக்கத்தில் இறங்கினதும் பாதி சரியாகிவிடும் போல.

கேஜிஎஃப் ஐயா

தம்பிகளா, நான் ரிட்டயர்டு ஃபிட்டர். பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒரு கல் குவாரியில் டெட்ராய்ட் டீசல் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் போட்ட பழைய டம்பர்களைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் பெரிய ரூட்ஸ் புளோயர் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் அதைச் சூப்பர்சார்ஜர் என்பார்கள். வடிவம் அதுதான், வேலை வேறு. டூ-ஸ்ட்ரோக்கில் புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை நிரப்புவதே புளோயர்தான். அது இல்லாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது.

புளோயர் தள்ளும் காற்று சிலிண்டருக்குள் போகுமுன் நிற்கும் அறைதான் ஏர்பாக்ஸ். அங்கே நாங்கள் அதன் அழுத்தத்தை மானோமீட்டர் என்ற அழுத்தமானி வைத்துப் பாதரச அங்குலத்தில் அளப்போம். குறைந்தால் புளோயரையும் அதன் வாயில் உள்ள வலையையும் பார்ப்போம். கூடினால் சின்னப் பையன்கள் சந்தோஷப்படுவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். லைனரில், அதாவது சிலிண்டரின் உள்சுவர்க் குழாயில், காற்றுப் போகிற துளைகளைக் கரி அடைத்திருக்கும். உள்ளே போக வழியில்லாத காற்றுதான் வெளியே நின்று முள்ளைத் தூக்குகிறது.

அல்சூர் பட்டறைக்காரன்

ஐயா, நீங்கள் சொன்னதும் ஷார்ஜாவில் நடந்த இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதுவும் லைட்னிங்தான், ஆள் வேறு. ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ஒண்ணுமே செய்யலை, 8 காட்டினது தானா 10 ஆயிடுச்சு!" வண்டியை நான் எடுத்து ஓட்டினால் மாட்டு வண்டி மாதிரி நகர்கிறது. சைலன்சர் லைனைக் கழற்றினோம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பது உடைந்து வழியை அடைத்திருந்தது. புகை வெளியேறாததால் சிலிண்டரில் புதுக் காற்றுக்கு இடமில்லை. சூப்பர்சார்ஜரோ பெல்ட் சுற்றுகிறவரை தள்ளிக்கொண்டே இருக்கும். நெரிசலில் முள் ஏறிவிட்டது.

மாற்றிக் கொடுத்தோம். முள் பழையபடி 8, வண்டி பறந்தது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, என் ரெண்டு பாயின்ட்டை என்ன பண்ணீங்க?"