கல்யாணச் செலவுக்கு இஸ்லாமிய வங்கிக் கடன்: ஹலால் என்றால் வாங்கிவிடலாமா?

பாயான் லெப்பாஸ் தம்பி:
அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் தொழிற்சாலை வேலை, பிடித்தம் போக 3,400 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வருகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். வலீமா என்ற கல்யாண விருந்துக்கு 800 பேரையாவது அழைக்க வேண்டும் என்று வாப்பா நிற்கிறார். இஸ்லாமிய வங்கியில் 20,000 வெள்ளி கேட்டிருக்கிறேன். 10 வருடத் தவணை, மாதம் 250. வட்டி கிடையாது, சரக்கு வாங்கி விற்கும் தவர்ருக் முறை, ஷரீஆ குழு ஒப்புதலும் உண்டு. கூட்டாளி ஒருவன் மட்டும் "அதுவும் கடன்தான், வேண்டாம்டா" என்கிறான். ஹலால் என்றான பிறகு என்ன தடை?

சூலியா ஸ்ட்ரீட் நானா:
வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. 250ஐ 120ஆல் பெருக்கிப் பாருங்கள். 30,000. ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு 10,000 கூடுதல். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதிலும் அந்தப் பிரியாணிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.
வலீமா கொடுங்கள், ஓர் ஆட்டையாவது அறுத்து, என்றுதான் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவர்களிடம் ரசூலுல்லாஹ் சொன்னார்கள். 800 பேர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? கடனை வைத்துவிட்டு இறந்தவருக்கு ஜனாஸா தொழவைக்கத் தயங்கினார்கள். தோழர் அபூ கதாதா அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொழவைத்தார்கள். ஷஹீதுக்குக்கூடக் கடன் மன்னிக்கப்படாது என்று முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது.

மஸ்ஜித் இந்தியா தங்கச்சி:
நானா, கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பிறகு வசதி வந்தபோது, கடனோடு இறந்தவரின் கடனை நானே அடைக்கிறேன் என்று சொன்னதும் அதே நபிதான். அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது, முப்பது ஸாஉ அளவு வாற்கோதுமைக்காக. கடனே கூடாது என்றால் அது எப்படி?
நான் கோலாலம்பூரில் வங்கி வேலையில் இருப்பவள். கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கல்யாணம் முடித்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். வருடத்துக்கு 15 முதல் 18 சதவீதம், மாதம் குறைந்தபட்சமாக 5 சதவீதம் கட்டினால் போதும் என்பார்கள், அந்தக் கணக்கு முடியவே முடியாது. தம்பி கேட்டிருக்கும் கடனில் விலை முதல் நாளே முடிவாகிவிடும். தவணை தவறினால் வருடத்துக்கு 1 சதவீதம் ஈட்டுத்தொகை, அது அசலில் ஏறிக் குட்டி போடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் இப்ரா தள்ளுபடி கொடுத்தாக வேண்டும், அது மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

பட்டர்வொர்த் அண்ணன்:
நான் முஸ்லிம் இல்லை, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் கூட்டாளி இப்படிக் கடன் வாங்கியபோது பாமாயில் வாங்கி விற்றதாகக் கையெழுத்துப் போட்டான். ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கண்ணில் படவில்லை. அது என்னங்க?

மஸ்ஜித் இந்தியா தங்கச்சி:
அதுதான் தவர்ருக், அண்ணே. வங்கி 20,000 வெள்ளிக்குப் பாமாயில் வாங்கும். 30,000க்குத் தவணையில் உங்களுக்கு விற்கும். பிறகு உங்கள் முகவராக நின்று அதை 20,000 ரொக்கத்துக்கு விற்றுப் பணத்தை உங்கள் கணக்கில் போடும். இதற்கென்றே மலேசியப் பங்குச் சந்தையான பூர்சாவில் 2009 முதல் சூக் அல்-சிலா என்ற சந்தை நடக்கிறது. எண்ணெய் இருக்கிறது, உங்கள் வீட்டு வாசலுக்கு வராது, அவ்வளவுதான்.

சூலியா ஸ்ட்ரீட் நானா:
அதே 2009இல்தான் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி என்ற மார்க்கச் சட்ட அறிஞர் குழு, வங்கியே இரண்டு பக்கமும் நின்று நடத்துகிற இந்த ஏற்பாடு கூடாது என்றது. அதையும் சொல்லுங்கள் தங்கச்சி.

மஸ்ஜித் இந்தியா தங்கச்சி:
தெரியும் நானா. பேங்க் நெகாராவின் ஷரீஆ ஆலோசனைக் குழு அனுமதித்திருக்கிறது. இந்த நாட்டில் கோர்ட்டையும் கட்டுப்படுத்துவது அந்தக் குழுவின் முடிவு. தம்பி இருப்பது பினாங்கில், ஷார்ஜாவில் இல்லை.

சூலியா ஸ்ட்ரீட் நானா:
சரி, ஹராம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒப்பந்தம் ஹலால் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் கடன் கடன் இல்லை என்று ஆகிவிடுமா? கவசத்தை அடகு வைத்தது வீட்டுச் சாப்பாட்டுக்கு. மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் இல்லை. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்குக் கொடுத்தால் மீறுவான் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறதே, அது வட்டிக் கடனுக்கு மட்டும் சொன்னதா?
இன்னொன்று. ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்ற கம்பத்து (கிராமத்து) மக்களுக்கு, வட்டி கலக்காமல் சேமிக்க ஒரு வழி வேண்டும் என்று பொருளாதார அறிஞர் உங்கு அஸீஸ் 1959இல் எழுதினார். அதிலிருந்துதான் 1963இல் தாபோங் ஹாஜி என்ற ஹஜ் சேமிப்பு நிதி வந்தது. ஃபர்ளான ஹஜ்ஜுக்கே சேர்த்து வைத்துப் போ என்ற நாடு இது.

கடைக் கணக்கு:
நானா சொல்வது சரி, ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் தம்பி எங்கே சேர்ப்பது? எங்கள் பக்கம் கூட்டு, அதாவது சீட்டு, போட்டுத்தான் கல்யாணம் முடிப்போம். 20 பேர், மாதம் ஆளுக்கு 500, குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு 10,000. ஒரு காசு கூடாது, குறையாது. ஏலக் கூட்டு வேண்டாம், தள்ளி எடுப்பதில் வட்டி வாடை அடிக்கும். தெரியாத ஆள் கமிஷன் வைத்து நடத்தும் கூட்டும் வேண்டாம். அதைத் தொழிலாக நடத்துவதை 1971 சட்டமே தடுக்கிறது, ஆள் ஓடிப்போனால் போலீஸில் என்ன சொல்வீர்கள்?
பெண் வீட்டில் நகை இருந்தால் அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய நகை அடகைப் பாருங்கள். காப்புக் கட்டணம் நகை மதிப்புக்குத்தான், வாங்கின பணத்துக்கு இல்லை.

பாயான் லெப்பாஸ் தம்பி:
பெண்ணின் நகையை அடகு வைத்துப் பெண்ணுக்கே வலீமாவா? மாமியார் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

பட்டர்வொர்த் அண்ணன்:
எங்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் இதே கதைதான் தம்பி. மொய்யில் வந்துவிடும் என்பார்கள். வராது.

மஸ்ஜித் இந்தியா தங்கச்சி:
தம்பி, நான் கடனுக்கு விளம்பரம் செய்யவில்லை. உங்கள் கடனுக்கு வருடம் 5 சதவீதம் என்று வங்கி சொல்வது முழு 20,000க்கும் 10 வருடமும் போட்ட கணக்கு. நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வருவதைப் பார்த்தால் உண்மையில் 8.7 சதவீதம் வரும். அதே விகிதத்தில் 3 வருடத்தில் முடித்தால் கூடுதல் 10,000 இல்லை, 3,000தான். மாதம் 639 வெள்ளி. உங்கள் சம்பளத்தில் அது வலிக்கும். வலித்தால் அந்தக் கல்யாணம் உங்கள் அளவுக்கு மேல் என்று அர்த்தம்.

சூலியா ஸ்ட்ரீட் நானா:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

மஸ்ஜித் இந்தியா தங்கச்சி:
இல்லை நானா, நீங்கள் வாங்கவே கூடாது என்றீர்கள். நான் தேவைக்கு வாங்கு, சீக்கிரம் அடை என்கிறேன். வித்தியாசம் உண்டு.

பாயான் லெப்பாஸ் தம்பி:
வாப்பாவிடம் 639 கணக்கைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. 800ஐ 300 ஆக்க ஒத்துக்கொண்டார், ஆனால் ஆட்டுப் பிரியாணியில் மட்டும் கை வைக்கக் கூடாதாம். கையில் 7,000 இருக்கிறது. ஜார்ஜ்டவுன் பக்கம் 300 பேருக்குப் பள்ளிவாசல் மண்டபம் குறைந்த வாடகையில் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைக் கணக்கு:
தனிச்செய்தி பாருங்கள். சமையல்காரர் நம்பரும் அனுப்பியிருக்கிறேன், அவர் முன்பணம் கேட்பார், பேரம் பேசுங்கள்.

சூலியா ஸ்ட்ரீட் நானா:
வாப்பாவுக்கு என் சலாம். மிச்சத்துக்கு வங்கிப் பக்கம் போகாதீர்கள்.

மஸ்ஜித் இந்தியா தங்கச்சி:
போனாலும் 10 வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.