மாத்திரை அட்டைக் கருவி: முன்பணம் கட்டலாமா?

நடுவிரல்:
வணக்கம். அப்பாவுக்குக் கை நடுக்கம். மாத்திரை அட்டையை அழுத்தினால் மாத்திரை உடைந்து வருகிறது, இல்லாவிட்டால் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. அதற்காக உள்ளங்கையில் வைத்து அமுக்குகிற மாதிரி ஒரு சின்னக் கருவி வரைந்து 3டி பிரிண்டரில் அடித்துக் கொடுத்தேன். நன்றாகவே வேலை செய்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் "சும்மா விடாதே" என்கிறார்கள். விளம்பரம் பார்த்து ஒரு நிறுவனத்துக்கு எழுதினேன், மறுநாளே போன். "அபாரமான யோசனை சார், சந்தை ஆய்வு, காப்புரிமை, பெரிய கம்பெனிகளிடம் அறிமுகம் எல்லாம் எங்கள் பொறுப்பு, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்கிறார்கள். கட்டலாமா? முதலில் காப்புரிமை வாங்குவதா, செய்து விற்பதா?

தேடிப்பார்:
கட்டாதீங்க. கட்டியே ஆகணும்னு தோணினா ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "உங்ககிட்ட பணம் கட்டினவங்கள்ல எத்தனை பேர் கட்டினதை விட அதிகமா சம்பாதிச்சாங்க?" அமெரிக்காவில் 1999-ல் வந்த சட்டப்படி, ஒப்பந்தம் போடும் முன்பே இந்த எண்ணிக்கையை எழுத்தில் கொடுத்தாகணும். எந்த நாடா இருந்தாலும் கேட்கலாம். போனை வைத்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

அப்புறம் எஸ்பேஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் காப்புரிமைகளை (பேட்டன்ட்) தேடுற இலவசத் தளங்கள், உட்கார்ந்து தேடுங்க. "மாத்திரை எடுக்கும் கருவி"ன்னு தேடினா பாதிதான் வரும், பேட்டன்ட் எழுதுறவங்க அப்படி எழுத மாட்டாங்க. மருந்து வைக்கிற, கொடுக்கிற சாதனங்களுக்கான ஏ61ஜே என்ற வகைப்பாட்டுக்குள்ள போய்த் துழாவுங்க. நெருங்கின ஒன்று கிடைச்சா அது மேற்கோள் காட்டுற பழைய பேட்டன்ட்டுகளையும் படிங்க. இந்த மாதிரிக் கருவிகள் கடையில் ஏற்கெனவே உண்டு. உங்களுடையது எதில் வேற என்பதுதான் விஷயம்.

அச்சுப்பட்டறை:
தம்பி, நான் பிளாஸ்டிக் மோல்டு, அதாவது உருகின பிளாஸ்டிக்கை ஊத்திப் பொருள் எடுக்கிற அச்சு, செய்யறவன். 3டி பிரிண்ட்டைக் கையில் தூக்கிக்கிட்டு வர்ற கண்டுபிடிப்பாளர்களைப் பார்த்தே தலை நரைச்சவன். எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி நீங்க கேட்டதேதான். நான் திருப்பிக் கேட்கிறது: இதை உங்க அப்பாவைத் தவிர வேற எந்தக் கை பிடிச்சிருக்கு?

மாத்திரை அட்டை ஒரே ரகம் இல்லை. முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் மெல்லிய தகடு உள்ளது சுலபமாக் கிழியும். ரெண்டு பக்கமும் அலுமினியமா வர்ற அட்டை இன்னொரு ஜாதி. குழந்தைகள் திறக்கக் கூடாதுன்னு உரிச்சு எடுக்கிற மாதிரி செய்த அட்டையை உங்க கருவி என்ன அமுக்கினாலும் திறக்காது. பெரிய மாத்திரை, கடுகு மாத்திரை, கேப்ஸ்யூல்னு எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. முடக்குவாதம் உள்ள கை வேற, நடுங்குற கை வேற. உங்களைத் தெரியாதவங்ககிட்ட கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. விளக்கம் சொல்ல வேண்டி வந்தா வடிவம் சரியில்லைன்னு அர்த்தம். தெரிஞ்சவங்க சொல்ற "சூப்பர்" எதுக்கும் ஆகாது. (கொடுக்கும் முன்னாடி ரகசியம் காக்கிற ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிக்குங்க.)

ரெண்டாவது, பிரிண்டர் எந்த வடிவத்தையும் அடிச்சுடும். மோல்டு ரெண்டாப் பிரியணும், பொருள் அதிலிருந்து கழண்டு வரணும். சுவருக்கு லேசாச் சாய்வு வேணும், இல்லன்னா பொருள் அச்சைப் பிடிச்சுக்கும். ஒரு இடம் தடிமனா இருந்தா ஆறும்போது மேற்பரப்பு குழிஞ்சுபோகும். உள்பக்கமாக் கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா அதுக்குத் தனியா நகர்ற பாகம் வைக்கணும், அச்சு செலவு எகிறும். ஒருத்தர் காப்புரிமை வாங்கின பிறகு என்கிட்ட வந்தார். உடம்பு முழுக்க ஒரே துண்டு, உள்ளே மூடின பள்ளம். அச்சில் எடுக்கவே முடியாது. ரெண்டு துண்டாப் பிரிச்சுக் கொடுத்தேன், நல்லா வந்தது. ஆனா அவர் கிளெய்ம்ல, அதாவது எதுக்கு உரிமைன்னு வரையறுக்கிற வாசகத்துல, "ஒரே துண்டாலான உடல்"னு எழுதியிருந்தது. விற்கப் போற பொருளுக்கே அந்தக் காப்புரிமை பொருந்தலை.

செஸ்டர் கார்ல்சன் கதை தெரியுமா? 1938-ல் முதல் ஜெராக்ஸ் பிரதி எடுத்தவர். கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினார், யாரும் சீந்தலை. மூலக் காப்புரிமை 1942-ல் கிடைச்சது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஆயுள் 17 வருஷம், அதாவது 1959 வரை. ஆபீஸ்ல வைக்கிற ஜெராக்ஸ் 914 மெஷின் வந்ததும் அதே 1959-ல்தான்! இடையில் செய்த மேம்பாடுகளுக்கு வாங்கின காப்புரிமைகள்தான் அப்புறம் தொழிலைக் காப்பாத்துச்சு. இன்னைக்கு உங்க கையில் இருக்கிறதும் கடைசியில் விற்கப் போறதும் ஒண்ணா இருக்காது தம்பி. அதனால முதல் வரைபடத்துக்கே மொத்தக் காசையும் கொட்டாதீங்க.

நடுவிரல்:
ரொம்ப நன்றி அண்ணா. உரிக்கிற அட்டையை நான் யோசிக்கவே இல்லை. இன்னொரு தொல்லை: மடங்குகிற கீல் சில நாளில் ஒடிந்துவிடுகிறது, பி.எல்.ஏ பிளாஸ்டிக். படம் போட்டால் பார்த்துச் சொல்வீர்களா?

கிளெய்ம்_எழுதி:
படம் போடாதீர்கள்! விண்ணப்பிக்கும் முன் பொதுவெளியில் காட்டினால், அதைப் போட்டது நீங்களே என்றாலும், ஐரோப்பாவில் புதுமை போய்விடும், காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு, எல்லா இடத்திலும் கிடையாது. இதுவரை சொன்னது பொதுவான விவரம்தான், பரவாயில்லை.

மேலே அச்சுக்காரர் சொன்னதில் ஒரு திருத்தம்: தாமதிக்கவும் கூடாது, முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் உரிமை. வெளியாட்களிடம் காட்டத் தொடங்கும்போதே ஒரு முதல் விண்ணப்பம் போட்டு தேதியைப் பிடியுங்கள். அதிலிருந்து 12 மாதத்துக்குள் மேம்பாடுகளையும் சேர்த்து முழு விண்ணப்பம். சேர்த்ததற்கு மட்டும் புதுத் தேதிதான் கிடைக்கும். உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் பி.சி.டி ஒப்பந்தம் வழியே போனால் எந்தெந்த நாடு என்று முடிவு செய்ய முதல் தேதியிலிருந்து 30 மாதம் கிடைக்கும்.

காப்புரிமை பிறரைத் தடுக்கும் உரிமைதான், தடுக்க நீங்கள்தான் வழக்குப் போட வேண்டும். விட்டு விட்டுத் துடைக்கும் கார் வைப்பருக்குக் காப்புரிமை வைத்திருந்த ராபர்ட் கேர்ன்ஸ் ஃபோர்டு கார் கம்பெனி மேல் 1978-ல் போட்ட வழக்கில் ஜூரி தீர்ப்பு வந்தது 1990-ல்.

அச்சுப்பட்டறை:
தேதி விஷயத்தில் அவர் சொல்றதே சரி. கீலுக்குப் படம் வேண்டாம். பி.எல்.ஏ வளையாம சட்டுன்னு முறியற ரகம், மடக்க மடக்க ஒடியத்தான் செய்யும். சோதனைக்கு ரெண்டு துண்டாக்கி நடுவுல ஒரு கம்பி செருகிக்குங்க. அச்சுக்குப் போகும்போது பாலிப்ரோப்பிலீன், கீல் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. உருகின பிளாஸ்டிக் கீலைக் குறுக்கே கடந்து ஓடுற மாதிரி, அது அச்சுக்குள்ள நுழையற வாயை வைக்கச் சொல்லுங்க, அச்சிலிருந்து சூடா வந்ததும் ரெண்டு மூணு தடவை மடக்கிவிடணும்.