புதுப்பிப்பு: முன்னாள் மாணவர் அழைப்பு ஸ்பாமுக்குப் போன விவகாரம்

ஏற்காட்டில் நடக்கும் முன்னாள் மாணவர் சந்திப்புக்கு எங்கள் சேலம் கல்லூரி அலுவலகம் மெயில்சிம்ப் (மொத்தமாக மெயில் அனுப்பும் சேவை) வழியாக அனுப்பிய அழைப்பு, பலருக்கு ஸ்பாமில் விழுகிறது, ஊழியர்கள் பார்த்துப் படிக்க உதவிப் பக்கம் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. இப்போது இன்பாக்ஸுக்கே போகிறது.

அழைப்பின் வாசகத்தில் குறையில்லை, டொமைன் அமைப்பில்தான் குறை. கல்லூரி டொமைன் முகவரியிலிருந்து அனுப்பினால், அதன் டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான இணையப் பதிவேடு) டிகேஐஎம் (மெயில் உண்மையானது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி) பதிவுகளைச் சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறார். நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு சுமார் 5,000 மெயிலோ அதற்கு மேலோ அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் அனுப்ப அனுமதியுள்ள சர்வர்களின் பட்டியல்), டிகேஐஎம், டிமார்க் மூன்றுமே கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. சின்னப் பட்டியல்காரர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருந்தாக வேண்டும்.

பதிவு சேர்ப்பது சுலபம். டிஎன்எஸ் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு, சாயங்காலம் சேலம் ஐந்து ரோடு நெரிசலில் வண்டி ஓட்டுவதே தேவலை!

படிக்க, கூகுளின் மின்னஞ்சல் அனுப்புநர் வழிகாட்டுதல் பக்கமே போதும். யூடியூப் வீடியோக்களில் பாதி பழையவை. ஸ்பாம் புகார் விகிதம் பார்க்க கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம், ஆனால் குறைந்த அளவில் அனுப்பினால் அதில் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று: மெயில்சிம்பில் பட்டியலிலிருந்து விலகியவர்களும் கட்டணக் கணக்கில் வருவார்கள், அவர்களை ஆர்கைவ் செய்தால் (ஒதுக்கி வைத்தால்) வரமாட்டார்கள்.

முன்னாள் மாணவர் பட்டியல் துறைக்கொரு எக்ஸலாகக் கிடக்கும் சிக்கல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதற்குத் தனித் திரி போடுகிறேன்.