அப்பாவோட 82 புல்லட்: சூடானா நின்னுடுது, ஆறினா உதைச்சாலும் வரமாட்டேங்குது

புளியமரத்து நிழல்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 82ல வாங்குன புல்லட் 350, ஒம்பது வருஷமா சாக்கு போத்தி மாட்டுக்கொட்டாயில நின்னுச்சு. போன மாசம் வெளிய எடுத்து டேங்க் கழுவி கார்ப்பரேட்டர் பிரிச்சு ஆயில் மாத்தி ஒரு வழியா ஓட விட்டாச்சு, ஆனா பத்து பன்னெண்டு கிலோமீட்டர் போனதும் டபக்குனு ஆஃப் ஆயிடுது, அரை மணி நேரம் கழிச்சு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. காலைல முழுசா ஆறி இருக்கும்போது நாப்பது உதை உதைச்சாலும் வரமாட்டேங்குது. வீடியோல ஒருத்தர் சூடாகி நின்னா டிசிஐ யூனிட்ட (ஸ்பார்க்கை எலக்ட்ரானிக்கா கட்டுப்படுத்துற பெட்டி) பாருங்க, டாப்பெட் (வால்வைத் தள்ளுற பார்ட்) ஹைட்ராலிக், தானே சரி பண்ணிக்கும், தொடவே வேணாம்ங்கறார். சைடு பாக்ஸ் ரெண்டும் கவுத்துப் போட்டுத் தேடிட்டேன், டிசிஐ மாதிரி எதுவுமே இல்ல. அப்புறம் கியர் வலது கால்ல இருக்கு, மேல தூக்குனா ஒண்ணு, மிதிச்சா 2, 3, 4. யாராச்சும் மாத்தி வெச்சுட்டாங்களா?

மின்னல்ரைடர்:
ப்ரோ பிளக் மாத்துங்க, பேட்டரி பாருங்க.

புளியமரத்து நிழல்:
ரெண்டும் புதுசு ப்ரோ.

டப்டப் மாமா:
தம்பி, நீ தேடுற டிசிஐ உன் வண்டியில கிடையவே கிடையாது. வீடியோக்காரர் சொன்னது தப்பில்ல, அவர் சொல்றது வேற புல்லட். பேரு ஒண்ணுதான், உள்ள இருக்கற என்ஜின் வேற வேற, இது புரியாம ஸ்பேர் வாங்கி ஏமாந்தவங்க ஏகப்பட்ட பேர்.

உன்னுது காஸ்ட் அயன் என்ஜின். இங்கிலாந்துல ரெட்டிச்ல 1949ல வந்த 350 புல்லட்டோட அதே டிசைன், போர் (சிலிண்டர் விட்டம்) 70, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 90 மில்லிமீட்டர், 346 சிசி. நம்ம பட்டாளத்துக்கு எல்லையில ரோந்து போக வண்டி வேணும்னு மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமா இறக்குனாங்க, அப்புறம் 1955ல அவங்களும் ரெட்டிச்காரங்களும் சேந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. மொதல்ல அங்கேருந்து பார்ட்ஸ் வந்து திருவொற்றியூர்ல பூட்டுனதுதான், பின்னாடி டூலிங்கையும் (பார்ட்ஸ் செய்யற அச்சு, கருவிகள்) வாங்கி முழுசா இங்கயே செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. வேடிக்கை என்னன்னா 1970ல அங்க தாய் கம்பெனியையே மூடிட்டாங்க, 77ல இங்கேருந்து அந்த ஊருக்கே புல்லட் ஏத்துமதி ஆச்சு.

கியர் வலது பக்கம்தான் ஒரிஜினல், அந்தக் கால பிரிட்டிஷ் வண்டி வழக்கம் அது. யாரும் மாத்தல, நீயும் மாத்தாத. இடது கால் கியர் எல்லாம் எலக்ட்ரா 5எஸ் மாதிரி பின்னாடி வந்த 5 ஸ்பீடு பாக்ஸ் வண்டிங்கள்ல. நடுவுல ஏவிஎல்னு அலுமினியம் பிளாக் என்ஜின் ஒண்ணு ஓடுச்சு. ஹைட்ராலிக் டாப்பெட்டும் டிசிஐயும் சேந்து இருக்கறது யூசிஇ என்ஜின்ல, அதுல என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடு, 2009ல கிளாசிக்ல பாத்திருப்ப. புகை விதி இறுக இறுக காஸ்ட் அயனுக்கு வழியில்லாமப் போச்சு. 2023 புல்லட் இன்னும் வேற, 349 சிசி, போர் 72 ஸ்ட்ரோக் 85.8, உன் வண்டியோட ஒரு நட்டு கூட சேராது.

இப்ப விஷயத்துக்கு வரேன். உன் வண்டியில கரெண்ட் வெட்டறது பாயிண்ட் செட், சிலிண்டருக்குப் பின்னால வலது பக்கம் வட்ட மூடிக்குள்ள இருக்கும், அதோட ஒரு கண்டென்சர், பாயிண்ட்ல பொறி பறக்காம பாத்துக்கறது அதுதான். இன்னொரு தடவை நின்னா உடனே மூணு பாரு. டேங்க் மூடியைத் திற, உஸ்ஸுனு காத்து இழுத்தா மூடி ஓட்டை அடைச்சிருக்கு. பிளக்கைக் கழட்டி ஸ்பார்க் என்ன கலர்னு பாரு. பாயிண்ட் மூடியைக் கழட்டிட்டு யாரையாச்சும் உதைக்கச் சொல்லி உள்ள பாரு. பெட்ரோல் வாடை இருந்தா தள்ளி வெச்சுப் பாரு, அவசரப்படாத.

கிக்கர்ஒடிஞ்சவன்:
மாமா சொன்னது சரி, ஆனா கண்டென்சர் போனா சூட்டுல தான நிக்கும், காலைல ஏன் வரல? நிழல் அண்ணே, ஆறின வண்டியில கிக்கர் கெட்டியா நிக்குதா இல்ல தொளதொளன்னு இறங்குதா?

புளியமரத்து நிழல்:
தொளதொளன்னுதான் இறங்குது, கார்ப்பரேட்டர் வழியா டப்புனு தும்மவும் செய்யுது! இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன், ரெண்டு வாரம் முன்னாடி ஒரு மெக்கானிக் கிட்ட காமிச்சேன், டாப்பெட் அடிக்குதுன்னு ஓட்டிட்டு வந்த சூட்டோட ஸ்பேனர் வெச்சு சத்தம் போற வரைக்கும் ஏத்தி விட்டார். யோசிச்சா காலைப் பிரச்சனை அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

டப்டப் மாமா:
அத மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா. இந்த என்ஜின்ல பிளாக்கும் ஹெட்டும் சூடானா நீளும், டாப்பெட் கேப் கூடும், அதனாலதான் ராத்திரி முழுக்க ஆறவிட்டு சுத்தமா ஜீரோவுல வைக்கணும். சூட்டுல ஜீரோ வெச்சா ஆறினதும் வால்வு முழுசா உக்காராது, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) எங்கேருந்து வரும்? கிக்கர் தொளதொளன்னு இறங்குறது அதனாலதான். வலது பக்கம் பிளாக்குல சின்ன மூடி, அதைக் கழட்டு. கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்ல பிஸ்டன் மேல நிக்கணும். உள்ள வால்வைத் தள்ளுற கம்பி, அதாவது புஷ்ராட், விரலால சுத்துனா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக் கூடாது. கேப் அளக்குற ஃபீலர் கேஜ் எல்லாம் வேணாம், விரலே போதும்.

புளியமரத்து நிழல்:
மூணு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். நேத்து ரோட்டோரம் நின்னுச்சு, டேங்க் மூடியில ஒண்ணும் இல்ல, பிளக்ல மஞ்சளா செத்த ஸ்பார்க், ஆனா பாயிண்ட்ல நீலமா பொறி பறக்குது, தம்பி உதைக்க உதைக்க வெல்டிங் வெக்கிற மாதிரி!

டப்டப் மாமா:
கண்டென்சர்தான். சூட்டுல உள்ள இன்சுலேஷன் விட்டுடுது, ஆறினதும் தேறிடுது. பாயிண்ட்டும் கருகியிருக்கும், ரெண்டையும் மாத்திட்டு கேப் 0.35லேருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள வை. இங்க கேஜ் வேணும், விரல் செல்லாது.

புளியமரத்து நிழல்:
மாத்தியாச்சு! டாப்பெட் இன்னைக்குக் காலைல அஞ்சரைக்கு வெச்சேன், ஒரு புஷ்ராட் அசையவே இல்ல, அவ்ளோ இறுக்கம். லூஸ் பண்ணி சரி பண்ணிட்டு, ஆம்ப் மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் மெதுவா மிதிச்சு, அழுத்தத்தை வெளிய விடற டீகம்ப்ரெஷரைப் புடிச்சுக் கொஞ்சம் இறக்கி விட்டு உதைச்சேன், ரெண்டாவது உதையில வந்துடுச்சு. அப்பா வாசல்ல நின்னு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டு சட்டை மாட்டிக்கிட்டு வந்தார். நாப்பது கிலோமீட்டர் அவர்தான் ஓட்டுனார், எங்கயும் நிக்கல.

ஒரே ஒரு சந்தேகம், கியர் லிவருக்குப் பக்கத்துல இன்னொரு குட்டி லிவர் இருக்கே, அது எதுக்கு? அப்பா கிட்ட கேட்டா சிரிக்கறார்.

கிக்கர்ஒடிஞ்சவன்:
நியூட்ரல் லிவர் அண்ணே. 2, 3, 4 எதுல இருந்தாலும் கிளட்ச் புடிச்சு அதை ஒரு மிதி மிதிச்சா நேரா நியூட்ரல். ஃபர்ஸ்ட்ல இருந்து மட்டும் விழாது. சிக்னல்ல நின்னதுக்கு அப்புறம் தேடாதீங்க, ரெண்டாவதுல வரும்போதே மிதிச்சுடுங்க.