கடற்கரைக் கல்யாணப் படம் தொழிலாக எடுக்க: வெளிச்சம், உப்புக்காற்று, கட்டணம் பற்றிக் கேள்வி

மண்டபம்_தோணி:
அண்ணன்மாருக்கு வணக்கம். கையில் இருப்பது ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா, 18-55 கிட் லென்ஸ், 50 எம்எம் எஃப்/1.8, ஒரு ஃப்ளாஷ். கல்யாண ஜோடிகளை தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வைத்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். பகலில் எடுத்தால் முகம் கறுக்கிறது, முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் வானமும் மணலும் வெளுக்கிறது. உப்புக்காற்றில் கேமராவை எப்படிக் காப்பது? எவ்வளவு கேட்கலாம்?

கச்சான்காற்று:
தம்பி, முகம் கறுப்பது கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரால்தான். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை மணலும் பளிச்சென்ற கடலும் படச்சட்டத்தை நிறைத்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) +0.7 முதல் +1 வரை கூட்டணும், அப்போது வானம் போகும். இரண்டும் வேண்டுமென்றால் வானத்துக்கு எக்ஸ்போஷர் வை, முகத்துக்கு ஃப்ளாஷ் கொடு.

உச்சி வெயிலுக்குக் கணக்கு: ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, லென்ஸ் துவாரம் எஃப்/11. பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/200 பக்கம்தான். எஃப்/11-இல் கையடக்க ஃப்ளாஷ் முழு பவரில்கூட மூன்று மீட்டருக்கு மேல் எட்டுவது சந்தேகம், வெளிச்சத்தை மென்மையாக்கும் குடை போட்டால் அதுவும் கிடையாது. ஆகவே குடை இல்லாமல், கேமராவை விட்டுத் தள்ளி, ஜோடியிடமிருந்து இரண்டு மீட்டரில் நிறுத்து. பின்னணி மங்கணும் என்று என்டி16 (வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காக்கும் கறுப்பு ஃபில்டர்) மாட்டி எஃப்/2.8-க்கு வருவார்கள். என்டி ஃப்ளாஷையும் சேர்த்தே குறைக்கும், அதன் பாரம் கொஞ்சமும் இறங்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஃப்ளாஷ் ஸ்டாண்டில் உரச்சாக்கு நிறைய மணலைக் கட்டித் தொங்கவிடு, இல்லையென்றால் காற்று தள்ளிவிடும். ரிஃப்ளெக்டரும் அங்கே நிற்காது. ஆனால் மணலே ரிஃப்ளெக்டர்தான்: சூரியன் ஜோடியின் முதுகுக்குப் பின்னால் வரும்படி அவர்களை மணலில் உட்காரவை. கீழிருந்து வரும் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழல் கரைவதைக் கண்ணாலேயே பார்ப்பாய். அரக்குப் பட்டு என்றால் ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பை மட்டும் தனியாகப் பார். மொத்த வரைபடம் சரியாக இருந்தாலும் சிவப்பு வலது ஓரத்தில் முட்டி, சேலையின் மடிப்பு அழிந்திருக்கும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) மாதங்களில் மன்னார் வளைகுடா பக்கமான ஆண்கடல் சீறும், பாக் விரிகுடாவான பெண்கடல் பக்கம் எடு. வாடைக்காற்றில் அப்படியே மாற்று. தனுஷ்கோடிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, சூரிய உதயப் படம் என்று வாக்குக் கொடுக்குமுன் சோதனைச்சாவடியில் கேட்டுக்கொள்.

சங்குக்குளி:
உப்பைப் பற்றி. அரிச்சல்முனையில் லென்ஸ் மாற்றவே கூடாது, காருக்குள் மாற்று. லென்ஸ் முன்னால் யுவி ஃபில்டர் இருக்கட்டும். எதிர்வெளிச்சத்தில் படம் திடீரென்று மங்கினால் ஃபோகஸைத் திட்டாதே, கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். துடைக்கும்போது முதலில் ப்ளோயரால் ஊது, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர், கடைசியில் காய்ந்த துணி. ஊதாமல் தேய்த்தால் மணல் கோட்டிங்கைக் கீறிவிடும்.

ட்ரைபாடைத் தண்ணீரில் வைப்பதென்றால் காலின் அடித்துண்டை முதலில் முழுசாக நீட்டு, பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவு. ஏசி காரிலிருந்து இறங்கும்போது கேமராவைப் பையோடு அரைமணி நேரம் வெளியே விடு, சட்டென்று எடுத்தால் வேர்த்துவிடும். வீட்டில் ட்ரை பாக்ஸில் (ஈரம் அண்டாத பெட்டியில்) 40-50 சதவீத ஈரப்பதத்தில் வை.

மண்டபம்_தோணி:
நன்றி அண்ணே. ட்ரோனும், தீவில் படமும் கேட்கிறார்களே?

சங்குக்குளி:
இரண்டையும் உடனே ஒத்துக்கொள்ளாதே. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது. சின்ன ட்ரோன் என்றாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்த்து, அனுமதி வாங்காமல் பறக்கவிடாதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவில் சேரும். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது, பவளப்பாறையும் கடற்புல்லும் நம் மீனவர் வயிற்றோடு சேர்ந்தது.

ராம்நாடு_ஆல்பம்:
கட்டணத்தை ஊர் ரேட் பார்த்து வைக்காதே தம்பி, செலவிலிருந்து ஏறி வா. உதாரணமாக, 75,000 ரூபாய் கேமராவின் ஷட்டர் 1,50,000 கிளிக் தாங்கும் என்றால், ஒரு வேலைக்கு 1,500 கிளிக் வீதம் நூறு வேலை. ஆக வேலைக்கு 750 ரூபாய் கேமராவுக்கே போகிறது. அதற்கு மேல் பெட்ரோல், உதவியாள் கூலி, ஆல்பம், ஒரு நாள் எடுத்ததைப் பிரித்துத் திருத்தும் இரண்டு நாள் கூலி. இந்த இரண்டு நாளை விட்டுவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் நஷ்டப்படுகிறார்கள்.

பாதி முன்பணம். எத்தனை படம் திருத்தித் தருவாய், எத்தனை நாளில், ஐப்பசி கார்த்திகையில் மழை வந்தால் எந்தத் தேதி, எல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். சேவைத்தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு.

முகூர்த்தத்தை மட்டும் இப்போது தனியாக ஏற்காதே. தாலி கட்டுவது ஒரே தடவை, உன் கேமராவில் ஒரே ஒரு கார்டு இருந்தால் அது போனால் எல்லாம் போச்சு. முதல் சில கல்யாணங்களுக்கு இரண்டாவது கேமராவாகப் போ. கல்யாண மண்டபத்து எல்இடி விளக்கில் படத்தில் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்கு, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, நாலைந்து படம் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் பண்ணணும்.