தண்டையார்பேட்டை பக்கம் தனியார் பள்ளி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூனில் மகளை எல்கேஜி சேர்க்க வேண்டும். வீடு தண்டையார்பேட்டை. எங்கள் குடும்பத்தில் யாரும் தனியார் பள்ளியில் படித்ததில்லை, அதனால் கேட்கிறேன்.

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, சுயநிதிப் பள்ளி கட்டணத்தில் ஓடுகிறது. இதுவரை சரி. 2009 தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளியில் கொடுத்த சீட்டில் டெர்ம் பீஸ் ஒரு வரி. அதற்குக் கீழே புத்தகம், யூனிபார்ம், ஸ்மார்ட் கிளாஸ், வேன் எனத் தனித்தனியாக நீள்கிறது. இதில் எது குழு நிர்ணயித்ததில் அடங்கும்? கட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடம், சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. ராயபுரம் பக்கம் அப்படிப்பட்ட பள்ளிகள்தான் நிறைய. நம் பகுதியில் ஆர்டிஇயில் இடம் கிடைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, 6 முதல் 12 வரை அங்கேயே படித்திருந்தால். அதனால் ஐந்தாவது வரை தனியார், அப்புறம் மாநகராட்சிப் பள்ளி என்றும் யோசிக்கிறோம். அப்படி மாற்றியவர்கள் இருந்தால், பிள்ளை எப்படிப் பழகிக்கொண்டது என்று கட்டாயம் எழுதுங்கள். எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டும் வேன் என்றால் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.