தேய்ந்துபோன 1862 வெள்ளி ரூபாய், நிஜமா டூப்ளிகேட்டா?

ஆச்சிபேரன்:
வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது ட்ரங்குப் பெட்டி அடியில் ஒரு சுருக்குப்பைக்குள் ஏழு வெள்ளி ரூபாய் கிடைத்தது. ஆறு பார்க்கும்படி இருக்கிறது. ஒன்றில் மட்டும் ராணி முகமே வழித்துவிட்ட மாதிரி ஆகி, கன்னமும் காதுக்கு மேலே உள்ள முடியும் ஒரே மட்டமாகக் கிடக்கிறது. பின்பக்கம் 1862 என்று ஆண்டு மட்டும் தெளிவாகப் படிக்க முடிகிறது.

டவுனில் ரதவீதிப் பக்கம் பழைய காசு வாங்குகிற ஒருவரிடம் ஏழையும் கொண்டுபோனேன். தேய்ந்ததை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். "இது ஈயக்கலப்பு தம்பி, டூப்ளிகேட். வேணும்னா முந்நூறு ரூவா தாரேன்" என்றார். டூப்ளிகேட்டுக்கு எதற்கு முந்நூறு ரூபாய் என்று பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது. பளபளவென்று இருந்த 1901 ரூபாயை மட்டும் "இது அருமையான பீஸ்" என்று தனியாக எடுத்து வைத்தார். நான் எதையும் கொடுக்கவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

தெரிந்த நகைக்கடையில் எடை போட்டதில் தேய்ந்தது 11.19 கிராம். காந்தத்தில் ஒட்டவில்லை. ஆனால் நிஜ ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டுமாமே? கிட்டத்தட்ட அரை கிராம் குறைகிறது, அதுதான் இடிக்கிறது.

உரைகல்:
தம்பி, எடை குறைவதுதான் உங்கள் காசுக்கு நல்ல சாட்சி. 11.66 கிராம் என்பது அச்சடித்து வெளியே வந்த அன்றைக்கு உள்ள எடை, ஒரு தோலா. நாட்டு மருந்துக்கடையில் ரூபாய் எடை, அரை ரூபாய் எடை என்று கட்டுவார்களே, அது இந்தக் காசை வைத்துத்தான். ஐம்பது அறுபது வருடம் மடியிலும் கல்லாப்பெட்டியிலும் உரசிய காசு மூன்று நான்கு சதவீதம் இழந்திருப்பது சாதாரணம். முகம் வழுக்கையாகி, எடை மட்டும் 11.66 குறையாமல் நின்றால்தான் நான் சந்தேகப்படுவேன். தேய்ந்த காசில் அச்சு எடுத்து வார்க்கிறவன் தேய்மானத்தையும் சேர்த்து வார்த்துவிடுவான், எடையை மட்டும் புஸ்தகத்தில் உள்ளபடி சரிக்கட்டி வைப்பான்.

எங்கள் அப்பா நகை ஆசாரி, பட்டறையில் அவர் காசு பார்க்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதலில் லென்ஸ் வைத்து மேட்டையும் பள்ளத்தையும் பார்ப்பார். நிஜமாகப் புழங்கிய காசில் கன்னம், முடி, கிரீடம் என்று மேடாக உள்ள இடம்தான் தேயும். எழுத்தும் தளமும் சேருகிற மூலை கூர்மை குறையாமல் நிற்கும், கறுப்பு அங்கேதான் அடைந்திருக்கும். வார்ப்புக் காசில் மேடு பள்ளம் இரண்டுமே ஒரே மாதிரி மழுங்கி, சோப்பில் அழுத்தி எடுத்தது போல இருக்கும், அங்கங்கே ஊசிமுனை அளவில் குழி தெரியும். அப்புறம் காசை நிமிர்த்தி விளிம்பைப் பாருங்கள். வரிப்பல்லுக்கு நடுவே சுற்றிலும் கோடு ஓடினால் இரண்டு பாதி அச்சில் வார்த்தது.

காந்தத்தை நம்பாதீர்கள். ஈயம், பித்தளை, ஜெர்மன் சில்வர் (பெயரில்தான் வெள்ளி) எதுவும் ஒட்டாது. தட்டிப் பார்க்கலாம், விரல்நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டினால் நல்ல வெள்ளி கணீரென்று கொஞ்ச நேரம் இழுக்கும், ஈயம் 'டொக்'. ஆனால் காசுமாலையில் கோத்து வளையம் பற்றவைத்த காசும், கீறல் விழுந்த காசும் நிஜமாக இருந்தாலும் மொக்கைச் சத்தம்தான் தரும்.

தண்ணீர்ச் சோதனை ஒன்று இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் காட்டுகிற தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். காற்றுக்குமிழி ஒட்டினால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டுவதைக் கொண்டு காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். அந்தக் காலத்து ரூபாய் 91.7 டச், அதாவது நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, அடர்த்தி 10.3 பக்கம் வரவேண்டும். உங்கள் காசு 11.19 என்றால் தராசு 1.08, 1.09 காட்டவேண்டும். பித்தளை என்றால் 1.3 தாண்டும். 1940-இலிருந்து 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மேலமாடவீதி:
கடையில் மெஷினில் வைத்து டச் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பாடா அண்ணாச்சி?

உரைகல்:
பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மெஷின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். கனமாக வெள்ளி முலாம் பூசியதையும் நல்ல வெள்ளி என்றே சொல்லும். தண்ணீர் உள்ளே உள்ளதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

அம்பை ஆத்தங்கரை:
ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 1862 என்று போட்ட காசெல்லாம் 1862-இல் அடித்தது இல்லை. அதே ஆண்டை வைத்துக்கொண்டு 1874 வரைக்கும் அடித்தார்கள், அதனால்தான் இது இவ்வளவு புழங்கிக் கிடைக்கிறது. எழுத்தையும் பாருங்கள். 1862 என்றால் ராணி பக்கம் 'விக்டோரியா குயின்' என்று இருக்கும். 1877-இலிருந்து 'விக்டோரியா எம்பிரஸ்'. 1840 ரூபாயில்தான் ஈஸ்ட் இந்தியா கம்பெனி பெயர். கள்ளக்காசு அடிக்கிறவன் ஒரு காசின் முன்பக்கத்தையும் இன்னொரு காசின் பின்பக்கத்தையும் ஒட்டவைத்து இங்கேதான் மாட்டிக்கொள்வான்.

கம்பெனி பெயர் வந்ததால் சொல்கிறேன், ஆனித் திருவிழாவில் தரையில் துணி விரித்து 1818 என்று போட்ட ராமர் பட்டாபிஷேகக் காசு விற்பார்களே, அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. அதை வைத்து அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் போகும் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிற கூட்டமும் இருக்கிறது, ஜாக்கிரதை.

அப்புறம், தயவுசெய்து புளி, திருநீறு, பல்பொடி எதையும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எங்கள் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து என் நாலு காசையும் விளக்கிப் 'பளிச்'சென்று ஆக்கித் தந்தார்கள். வாங்குகிறவர்கள் இப்போது வெள்ளி விலைக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்கிறார்கள்.

ஆச்சிபேரன்:
நேற்று ராத்திரி சோதனை செய்து பார்த்தேன். தேய்ந்தது மூன்று தரமும் 1.09 காட்டியது, வகுத்தால் 10.27. எழுத்து மூலையில் கறுப்பு அப்படியே இருக்கிறது, 'குயின்' என்றுதான் போட்டிருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணாச்சி.

மற்ற ஆறையும் விடாமல் முக்கினேன். ஐந்து சரியாக வந்தது. அந்தப் பளபள 1901 மட்டும் எடை 11.62, தண்ணீரில் 1.30. அடர்த்தி 8.94! அம்பை சொன்னது ஞாபகம் வந்து லென்ஸில் பார்த்தால் 1901-இலும் 'குயின்' என்றே இருக்கிறது. அந்த ஆள் அதைத்தானே அருமையான பீஸ் என்றார். அவருக்கே தெரியாதா, இல்லை நான் அசந்த நேரத்தில் ஆச்சியின் காசை எடுத்துக்கொண்டு இதை வைத்துவிட்டாரா என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. போகும் முன்பு ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.